ஸீஸன் இல்லாத மல்லையும் குறியீடு அல்லாத நாயும்

நம் புதுக்கவிதைகளில் நாய்கள் அதிகம். யாராவது உட்கார்ந்து கணக்கெடுத்தால் காக்கைக்கு அடுத்த இடம் நாய்க்குத்தான் கிடைக்கும். இந்த நாய்களுக்குச் சில பொது லட்சணங்கள் உண்டு. சொறி பிடித்திருக்கும். மழையில் நனையும். கவிஞருக்குத் தூக்கம் வராத இரவாகப் பார்த்துக் குரைக்கும். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெட்டையா என்று கேட்டால் கவிஞருக்கே தெரியாது. பல சமயம் ஆளில்லாத கடற்கரை ஒன்றும் கூடவே வரும். அந்தக் கடற்கரையில் நாய் நின்றால் அது அந்நியமாதல், ஓடினால் விடுதலை, செத்துக் கிடந்தால் இருத்தலின் அபத்தம். அது பசித்து நிற்கிறதோ, குட்டிகளைத் தேடி ஓடுகிறதோ, லாரியில் அடிபட்டுச் செத்ததோ என்று கேட்பவன் ரசனையற்றவன்.

நான் கேட்கிறேன். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு பயண நூலைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் என் நாயுடன் மாமல்லபுரம் போய்வருவதைக் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், நான்கு பக்கக் கடிதம் எழுதினார். சாராம்சம் இது: மாதச் சம்பளம், பென்ஷன், செல்ல நாய், மழையில் மல்லை, இவையெல்லாம் மத்தியதர வர்க்கத்தின் ஓய்வுநேர ஆடம்பரங்கள், இவற்றை விமர்சனத்துக்குள் கொண்டுவருவது சீரழிவின் அடையாளம், உண்மையான கலைஞன் அங்கே தனியாகப் போகிறான், அந்த வெறுமையை எதிர்கொள்கிறான். பென்ஷன் விஷயத்தை மட்டும் உடனே தீர்த்துவிடலாம். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, நான் அந்த வரிசையில் வந்தவன். மற்றவை சற்று விரிவாகப் பேசவேண்டியவை. நண்பருடைய கடிதத்தில் இருப்பது அவருடைய கருத்து மட்டுமல்ல, நம் வட்டத்தில் பலருக்கும் அதுதான் கருத்து.

முதலில் இந்த ஸீஸன் என்கிற சொல். ஆங்கிலத்திலிருந்து எடுத்து, திருப்பித் தராமல் வைத்துக்கொண்டுவிட்டோம். பருவம் என்று நம்மிடம் இருந்த சொல் மழையையும் காற்றையும் விதைப்பையும் குறித்தது. ஸீஸன் குறிப்பது கூட்டத்தை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஸீஸன், மல்லையில் மழை விழுந்தால் ஸீஸன் முடிவு. வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லாட்ஜ் வாடகைக்குத்தான் சம்பந்தம். என் கிளையில் எல்.எஃப்.சி. விண்ணப்பங்கள் வரும் மாதத்தை வைத்தே பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதைச் சொல்லிவிடலாம். ஏப்ரலிலும் மேயிலும் பாறை கொதிக்கும்போது குடும்பம் குடும்பமாக மல்லைக்குப் போகிறார்கள். ஐந்து ரதங்களுக்கு நடுவில் மணலில் கால் வைக்க முடியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். மார்கழியில் நாட்டிய விழா, வெளிநாட்டார் வருகை. இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிற வடகிழக்குப் பருவமழைதான் மல்லையின் ஆஃப் ஸீஸன்.

யாருக்கு ஆஃப்? கடற்கரைக் கோயிலை ஒட்டிய குப்பத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்தக் குப்பத்தில் இருப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள், அந்தத் தடை இவற்றுக்கில்லை. இவர்களுக்குத் தடை போடுவது கடல். வாடை எழும்பி அலை முறுக்கிக்கொண்டால் படகுகளை மேலே இழுத்துப்போட்டு வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டூரிஸ்டு இல்லாத மாதமும் மீன் இல்லாத மாதமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. சிற்பப் பட்டறைகளோ மழையில் தார்ப்பாய்க்கு அடியில் ஓயாமல் இயங்குகின்றன. கோயில் ஆர்டர்களுக்கு ஸீஸன் கிடையாது. உளிச் சத்தத்தைவிட இப்போது கட்டர் இயந்திரத்தின் கிறீச்சல்தான் அதிகம் என்பது வேறு விஷயம். மல்லைக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு கல் தூசியை விழுங்கும் பையனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று நான் இங்கே பேசப்போவதில்லை.

'வெறுமை' என்று நண்பர் எழுதுகிறார். ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் ஊரில், டிக்கெட் வாங்குபவர்கள் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு வெறுமை தெரிகிறதென்றால், அவர் கண்ணுக்கும் டூர் கம்பெனிக்காரன் கண்ணுக்கும் என்ன வித்தியாசம்? கம்பெனிக்காரன் 'இப்போது போகாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை' என்கிறான். கவிஞர் 'இப்போது போகிறேன், அங்கே ஒன்றும் இல்லை' என்கிறார். இரண்டு பேருக்கும் அங்கே ஒன்றும் இல்லை. நாட்காட்டியும் ஒன்றுதான், ஒருவர் நேராகப் படிக்கிறார், மற்றவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு பரம்பரையும் இருக்கிறது. 1944-இல் தொடங்கித் தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' மூலமாக மல்லையைப் பார்த்த தமிழன் அங்கே போனதெல்லாம் ஆயனரையும் சிவகாமியையும் தேடித்தான். கல்கியைக் கிண்டல் செய்வது நமக்கெல்லாம் பால பாடம். ஆனால் கல்கியின் வாசகன் பாறையில் சிவகாமியைத் தேடினான் என்றால் நாம் பாறையில் நம்மைத் தேடுகிறோம். அவனாவது வேறொருவரைத் தேடினான். சிட்டியும் ஜானகிராமனும் காவிரி நெடுகப் போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். நதி எங்கே போனதோ அங்கெல்லாம் போனார்கள், யாரோடெல்லாம் பேச நேர்ந்ததோ அவர்களோடெல்லாம் பேசினார்கள். 1971-இல் வந்த புத்தகம். அதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து பயணம் என்று வந்தவற்றில் முக்கால்வாசி, போன இடத்தில் ஆசிரியர் என்ன மனநிலையில் இருந்தார் என்பதன் வரலாறு.

இனி நாய்.

என்னுடையது ஜாதி நாய் அல்ல. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கோம்பையோ இல்லை. எங்கள் தெருக்கோடியில் மழைநீர்க் கால்வாய்க்குள் பிறந்தது. பெயர் மணி. தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அந்தப் பெயர்தான், அந்தப் பொதுமையில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மல்லை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து வரும். வேறு வழியில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். மல்லைக்கு ரயில் இல்லை. இருந்தாலும் ரயிலில் நாயைக் கொண்டுபோக முதல் வகுப்பில் ஒரு முழு அறையைப் பதிவு செய்யவேண்டும், அல்லது பார்சல் ஆபீஸில் எழுதிக் கொடுத்து கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் அடைக்கவேண்டும். சீமான் அல்லது சரக்கு, நடுவில் எதுவும் இல்லை. நண்பர் சொல்லும் மத்தியதர வர்க்க ஆடம்பரத்துக்கு ரயில்வேயில் இடமே இல்லை என்பதை அவர் கவனிக்கவேண்டும்.

வழியில் திருக்கழுக்குன்றம். இரண்டு கழுகுகள் தினமும் உச்சி வேளையில் வந்து சோறு உண்டு போகும் என்பதற்காகவே ஒரு காலத்தில் கூட்டம் வந்த மலை. கழுகு என்று சொன்னாலும் அவை மஞ்சள் முகப் பாறுகள், பிணந்தின்னிகள். 1990-களின் கடைசியிலிருந்து அவை வருவதில்லை. இந்தியா முழுவதும் பாறு இனங்கள் அதே காலத்தில்தான் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். பாறு தின்னாமல் விட்ட பிணங்களை நாய்கள் தின்றன, பெருகின. தெரு நாய்ப் பெருக்கத்துக்கும் வெறிநோய்க்கும் இது ஒரு காரணம் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு பறவைகள் வராமல் போனதற்குக் கலியுகத்தைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. மலையடிவாரத்து டீக்கடையில் பொறை வாங்கித் தின்னும் என் நாய்க்கும் மேலே வராமல் போன பறவைகளுக்கும் இடையே இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கவிதையில் கழுகு தனி ஸிம்பல், நாய் தனி ஸிம்பல். இரண்டும் சந்திப்பதே கிடையாது.

மல்லையில் நாயோடு போய் நின்றால் முதலில் சந்திப்பது விதி 8. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கான மத்திய அரசின் விதிகள், 1959. ('எழுத்து' தொடங்கிய அதே வருஷம். வருஷத்தைக் குறை சொல்வதற்கில்லை.) அதில் எட்டாவது விதி, நினைவுச்சின்னத்துக்குள் செய்யக்கூடாதவற்றை அடுக்குகிறது. சேதப்படுத்தக்கூடாது. துப்பாக்கி சுடக்கூடாது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. அனுமதியில்லாமல் சாமான் விற்கக்கூடாது. பிச்சை எடுக்கக்கூடாது. பராமரிப்புக்காக அல்லாமல் எந்த மிருகத்தையும் உள்ளே கொண்டுவரக்கூடாது. ஒரே மூச்சில் வெடிக்காரன், தின்பண்டம் விற்பவன், பிச்சைக்காரன், நாய். தமிழ்க் கோயில் வாசலில் இருக்கவேண்டிய எல்லோரையும் பெருக்கித் தள்ளிவிட்டு மிச்சமாவதைப் பாரம்பரியம் என்று சொல்லி, 1984-இல் உலகப் பட்டியலிலும் ஏற்றிவிட்டோம். விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்லின் மேல் நாய் காலைத் தூக்கினால் எனக்கும் சம்மதமில்லை, அதே கல்லில் காதலி பெயரை ஆணியால் கீறுகிறவனோடு ஒப்பிடும்போது நாய் செய்வது சின்னக் குற்றம் என்றாலும். நான் சொல்வது வேறு.

ஐந்து ரதங்களில் மிக உயரமானதற்குத் தர்மராஜ ரதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பல்லவர் வைத்த பெயர் இல்லை. பாண்டவர்களுக்கும் அந்தக் கற்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, திரௌபதி ரதம் என்பதற்குள் இருப்பது கொற்றவை. யாரோ எப்போதோ வைத்த பெயர்கள், ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்ட பெயருக்கு ஒரு கடமை உண்டல்லவா? மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தில் மனைவியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்துவிட, தர்மராஜனோடு மிஞ்சி நடந்தது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். இவன் மறுக்கிறான். சொர்க்கமே வேண்டாம் என்கிற அளவுக்கு மறுக்கிறான். அந்த மனுஷன் பெயரில் ஒரு ரதம். அதன் கம்பி வேலிக்கு வெளியே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், என்னைப் பார்த்து, 'நாயை விட்டுட்டு வாங்க சார்' என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்திரனுக்கும் விதிப்புத்தகம் இருந்திருக்கும். ஆனால் நாற்பது ரூபாய் டிக்கெட்டோடு வரிசையாக உள்ளே போகிறவர்களில் ஒருவருக்குக்கூட இதில் சிரிப்பு வரவில்லை என்பதுதான் நம் கலாச்சாரத்தின் நிலை.

2022 மே மாதம் கேதார்நாத்தில் ஒருவர் தன் நாயைக் கோயில்வரை கொண்டுபோய், நந்தியின் மேல் அதன் பாதத்தை வைத்து, நெற்றியில் திலகமும் இடச்செய்தார். கோயில் நிர்வாகத்தினர் போலீஸில் புகார் கொடுத்தார்கள், பக்தர்கள் மனம் புண்பட்டது என்று. அவர் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டியது ஆபாசம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த மலைகளில் தர்மராஜன் நாயோடு நடந்தானோ அந்த மலைகளில்தான் இது நடந்தது. நம் சிவன் கோயில்களில் ஈசான்ய மூலையில் பைரவர் நிற்கிறார், பின்னால் நாய். தேய்பிறை அஷ்டமிக்கு விளக்கும் மாலையும் உண்டு. கல்லாக இருந்தால் கற்பூரம் காட்டுவோம், உயிராக இருந்தால் கல் எடுப்போம்.

உள்ளே விடவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதில்தான் நான் முக்கியமாகக் கருதும் விஷயம் இருக்கிறது. நாயோடு போகிறவனுக்கு டிக்கெட் வேலிக்கு வெளியே இருக்கும் மல்லைதான் கிடைக்கிறது. அது சின்ன மல்லை இல்லை. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் புடைப்புச் சிற்பம் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறது. சாலையோரம் குடையோடும் நாயோடும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஸீஸனில் அங்கே நிற்க முடியாது. செல்ஃபி எடுப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். மழை வலுத்தால் பாறையின் நடுப்பிளவில் தண்ணீர் வழிகிறது. மேலே ஒரு தொட்டி இருந்ததற்கான தடயம் உண்டு. விசேஷ நாட்களில் அதிலிருந்து நீரை விட்டிருப்பார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதைக் கங்கை என்று கொண்டால்தான் பகீரதன் கட்சிக்கு வலு. புத்தகத்தில் படிக்கும்போது அது ஒரு கட்சி. கார்த்திகை மழையில், பிளவின் சுவர் நனைந்து நாகர்களின் உடல் கறுத்து, சுற்றியிருக்கும் கல் இன்னும் வெளுப்பாகவே இருக்கும் சில நிமிஷங்களில், அது கட்சியாக இருப்பதில்லை. மழை பிடித்துக்கொண்டபின் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். அந்தச் சில நிமிஷங்களுக்கு முன்பே போய் நின்றிருக்கவேண்டும். நின்றுகொண்டிருக்க ஒரு காரணம் வேண்டும். எனக்கு அந்தக் காரணம் மணி. அது ஒரு கம்பத்தை முகர ஆரம்பித்தால் கால் மணி நேரம் ஆகும்.

இந்தச் சிற்பத்தில் யானைகள் உண்டு, சிங்கங்கள் உண்டு, மூக்கைச் சொறியும் மான் உண்டு, பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனை உண்டு, அதை நம்பி வந்த எலிகள் உண்டு. நாய் என் கண்ணில் பட்டதில்லை. வேடர்கள்கூட இருக்கிறார்கள், அவர்களுடன் நாயைக் காணோம்.

சற்றுத் தெற்கே போனால் இதே காட்சியை இன்னொரு பாறையில் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். அங்கே பஸ் நிற்பதில்லை. ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்கள் இரண்டு, வலையன்குட்டை ரதம் ஒன்று. எதுவும் முடியவில்லை. மேலே விமானம் உருவாகி, கீழே பாறை பாறையாகவே நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். முடிந்த ரதத்தில் அதைப் பார்க்க முடியாது, முடியாத ரதத்தில் பார்க்கலாம். ஊரெங்கும் பாறைகளில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஆப்பு இறக்கிக் கல் பிளந்த தடங்கள், பிற்காலத்தவையும் சேர்த்து. ஒரு குழி வரிசையில் மழைநீர் தேங்கியிருக்கும். மணி ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டே போகும். அப்படித்தான் அந்த வரிசை இருப்பதை நான் முதலில் கவனித்தேன். நான் பல முறை தனியாக, நண்பர் சொல்கிற உண்மையான கலைஞனைப்போல, அதே இடத்தில் அலைந்தவன். தனியாகப் போனபோது நான் பார்த்தது பெரும்பாலும் நான் முன்பே படித்திருந்ததை. நாய் எதையும் படித்ததில்லை. தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில் அதற்கு ஒரு ஊர் இருக்கிறது, வாசனையால் ஆன ஊர். கயிற்றின் மறுமுனையில் இருப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதன் எல்லையில் நின்றாகவேண்டும். இதை ஞானம் என்று நான் சொல்லவரவில்லை. இடைஞ்சல் என்றே சொல்கிறேன். பார்வைக்கு ஒரு இடைஞ்சல் தேவைப்படுகிறது. யாப்பை உதறிய பிறகு நம் கவிதைக்கு எந்த இடைஞ்சலும் இல்லாமல் போய்விட்டதே, அதைப்பற்றித் தனியாக எழுதவேண்டும்.

பல்லவர்களிடம் நாய் இல்லையா? இருந்தது, நன்றாகவே இருந்தது. மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசன'த்தில் குடிவெறியில் காஞ்சித் தெருவில் அலையும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். பௌத்த பிக்கு திருடிவிட்டான் என்று பெரிய தத்துவச் சண்டை நடக்கிறது. பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையில் கபாலம் வந்து சேர்கிறது. அவன் அதை ஒரு நாயிடமிருந்து பிடுங்கியவன். நாய் எடுத்துப்போனது கபாலத்தில் ஒட்டியிருந்த மாமிசத்துக்காக. எல்லாச் சமயங்களும் கபாலத்தைக் குறியீடாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் நாய் ஒன்றுதான் அதைப் பொருளாகப் பார்த்தது. இந்த ராஜா கல்கியின் மகேந்திரனைவிட எவ்வளவோ மேல். நம்மில் பலரைவிடவும் மேல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அதே மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிறது. கருந்தேவகத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல். அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு அந்த நாயின் பெயரைச் சொல்கிறது: கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் சொல்கிறது. அவ்வளவுதான். உவமை கிடையாது, நன்றியின் வடிவம் என்கிற வியாக்கியானம் கிடையாது. ஆள் பெயர், நாய் பெயர், நடந்த காரியம். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு ஊர்க் கல்தச்சன் ஒரு நாய்க்குச் செய்த மரியாதையை, இருபத்தோராம் நூற்றாண்டின் பிரக்ஞைபூர்வமான கவிஞன் செய்யவில்லை. அவனுக்கு நாயின் பெயர் தெரியாது. கேட்கவும் இல்லை. அடியார்கள் தம்மை நாய் என்று தாழ்த்திச் சொல்லிக்கொண்ட நாள் முதலாக நமக்கு நாய் என்றால் நாம்தான் என்று பழகிவிட்டது போலும். அவர்களுக்காவது எதிரே ஆண்டவன் இருந்தான். நமக்குக் கண்ணாடிதான் இருக்கிறது.

நண்பர் என்னைச் சேர்த்துவைக்கிற கூட்டத்தையும் பார்த்துவிடுவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாய்களை வரவேற்கும் ரிஸார்ட்டுகள் வந்துவிட்டன. பனிமலைத் தேசத்து நாயைக் குளிர்பதன அறையில் வைத்திருந்து, சாயங்காலம் மணலில் இறக்கிப் படம் பிடிக்கிறார்கள். அந்த நாய் மூச்சு வாங்குவதை மகிழ்ச்சி என்று நினைக்கிறார்கள். வெளியே, ரிஸார்ட் சுவருக்கு இந்தப் பக்கம், ஊர் நாய்கள். ஸீஸனில் பஜ்ஜிக் கடை எச்சிலில் வயிறு வளர்த்தவை, ஐப்பசி பிறந்து கடைகள் பாதி மூடியதும் விலா எலும்பு தெரிய நிற்கின்றன. ஸீஸன் என்பது ஒரு சோறு. அது நின்றால் யாருக்கு முதலில் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பூக்கட்டும் ஒரு அம்மாள் தன் வீட்டுப் பழைய சோற்றை மூன்று நாய்களுக்குப் பங்கு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் 'வெறுமை' என்றால் என்ன அர்த்தம் சொல்வாள் என்று தெரியவில்லை. இந்த இரண்டுக்கும், ரிஸார்ட் நாய்க்கும் பூக்காரியின் நாய்க்கும், என்னை ஒரே பட்டியலில் போடுவது வர்க்க ஆய்வு ஆகாது. சோம்பேறித்தனம்.

நாயை உயர்த்திப் பிடிப்பதும் என் வேலையல்ல. 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் நான்கு லட்சத்தைத் தாண்டின. வெறிநோய் வந்து சாகிறவர்களில் குழந்தைகள் அதிகம், ஏழைகள் அதிகம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று வேறொரு அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் இவற்றிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னது. இந்த மூன்று மாதங்களில் நம் கவிஞர்கள் எழுதிய நாய்க் கவிதைகளில், கடிபட்ட ஒரு குழந்தையும் இல்லை, ஊசி போட்ட ஒரு நாயும் இல்லை. கடற்கரையிலும் அப்படித்தான். தையிலிருந்து பங்குனிவரை அந்த மணலில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை என்றே அவற்றுக்குப் பெயர். நாய்கள் குழியைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே அந்த மாதங்களில் நாயை மணலில் இறக்கக்கூடாது, கயிறு இருந்தாலும் கூடாது. ஐப்பசியில் இறக்கலாம். ஆஃப் ஸீஸனில் நாயோடு போவதற்கு நான் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான். இதில் வெறுமையும் இல்லை, தரிசனமும் இல்லை. ஆமைக்கு ஒரு பருவம், நாய்க்கு ஒரு பருவம், அவ்வளவுதான். பருவம் என்ற சொல் இன்னும் சாகவில்லை என்பதற்கு அந்த ஆமையின் பெயர் ஒன்றே போதும்.

நண்பர் கடிதத்தோடு தன் புதிய கவிதை ஒன்றையும் அனுப்பியிருந்தார், இந்தப் பத்திரிகைக்குத்தான். கடற்கரைக் கோயில், மழை, யாருமற்ற மணல், அலையைப் பார்த்துக் குரைக்கும் ஒரு நாய். அச்சுக்குப் போகுமுன் அவரிடம் சில விவரங்கள் கேட்டு எழுதியிருக்கிறேன். எந்த மாதம் போனார்? காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? படகுகள் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தனவா? நாய்கள் சும்மா அலையைப் பார்த்துக் குரைப்பதில்லை. அங்கே என்ன ஒதுங்கியிருந்தது? கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்த நாயின் காதில் அது இருந்ததா?